பிராசசர் விலைப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டெல், ஏஎம்டி, என்விடியா போன்ற நிறுவனங்கள் விலையை வைத்து மோதிக்கொள்வது பற்றி வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. குறிப்பிட்டிருக்கும் விலைகள் நிறுவனங்களே அறிவித்த அமெரிக்க டாலர் விலைகள். வரியும் கடைக்காரர் லாபமும் அவற்றில் சேராது. கணக்குக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்களை அந்தந்த இடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறோம்.

விலைப் போர் எதனால் மூள்கிறது?

ஒருவருடைய சிப் மற்றவருடையதைத் திடீரென முந்தும்போது. செலவு குறைந்ததால் விலையைக் குறைப்பவர்கள் அரிது. பின்தங்கியதால் குறைப்பவர்களே அதிகம்.

2006 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மேசைக் கணினிகளில் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 முன்னணியில் இருந்தது. அந்த வரிசையில் மலிவான 3800+ கூட 303 டாலருக்கு விற்றது. 5000+ 696 டாலர். ஜூலை 27 அன்று இன்டெல் கோர் 2 டியோவை வெளியிட்டது. அதில் ஈ6300 183 டாலர், ஈ6600 316 டாலர். 316 டாலர் ஈ6600, 696 டாலர் 5000+ஐப் பெரும்பாலான சோதனைகளில் முந்தியது. ஏஎம்டி அதே வாரத்தில் 5000+ஐ 301 டாலருக்கும் 3800+ஐ 152 டாலருக்கும் இறக்கியது. அந்தச் சிப்களைச் செய்யும் செலவு அந்த வாரத்தில் துளியும் மாறவில்லை. எதிரே நின்ற சிப்தான் மாறியிருந்தது.

ஒரு சிப்பைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகும்?

இதை ஓரளவு நீங்களே கணக்கிடலாம். சிப்கள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட சிலிக்கான் தகட்டில், அதாவது வேஃபரில், மொத்தமாக அச்சாகின்றன. ஒரு வேஃபரைச் செய்து முடிக்கும் செலவு, அதில் 10 சிப் இருந்தாலும் 600 சிப் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு சிப்பின் செலவைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒரு வேஃபரில் எத்தனை சிப் அடங்குகிறது, அவற்றில் எத்தனை பழுதில்லாமல் தேறுகிறது.

வேஃபர் ஒன்று 10,000 டாலர் என்றும், சதுர சென்டிமீட்டருக்கு 0.1 பழுது விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வட்டத்தின் ஓரத்தில் அரைகுறையாக நிற்கும் சிப்களைக் கழித்தால் கணக்கு இப்படி வரும்:

100 சதுர மி.மீ. சிப்: வேஃபருக்கு 640. தேறுவது 90 சதவீதம், சுமார் 579. ஒன்றுக்கு 17 டாலர்.
200 சதுர மி.மீ.: 306. தேறுவது 82 சதவீதம், சுமார் 250. ஒன்றுக்கு 40 டாலர்.
400 சதுர மி.மீ.: 143. தேறுவது 67 சதவீதம், சுமார் 96. ஒன்றுக்கு 104 டாலர்.
800 சதுர மி.மீ.: 64. தேறுவது 45 சதவீதம், சுமார் 29. ஒன்றுக்கு 345 டாலர்.

பரப்பு எட்டு மடங்கு ஆனால் செலவு இருபது மடங்கு ஆகிறது. பெரிய சிப்பில் பழுது விழ இடம் அதிகம் என்பதே காரணம். உற்பத்தி முறை புதிதாக, இன்னும் பழகாமல் இருக்கும்போது இந்த இடைவெளி கொடூரமாக விரியும். பழுது 0.5 ஆக இருந்தால் 100 சதுர மி.மீ. சிப்பின் செலவு 26 டாலராகத்தான் ஏறும். 800 சதுர மி.மீ. சிப்பிலோ ஒரு வேஃபருக்கு ஒன்று தேறுவதே கடினம். இதன் மேல் சோதனை, உறையிடல், பழுதான பகுதியை அணைத்துவிட்டு மலிவு ரகமாக விற்பது எல்லாம் சேரும். ஆனால் அடிப்படை இதுதான்.

ஏஎம்டியின் பிற்கால விலைக்குறைப்புகள் பலவற்றுக்கு வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. 2019 நவம்பரில் வந்த 16 கோர் (கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) ரைசன் 9 3950எக்ஸ் ஒரே பெரிய சிப் அல்ல. ஒவ்வொன்றும் சுமார் 74 சதுர மி.மீ. உள்ள எட்டு கோர் துண்டுகள் இரண்டு, தைவானின் சிப் ஆலை நிறுவனமான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் மூன்றாவது துண்டு இன்னொரு ஆலை நிறுவனமான குளோபல்ஃபவுண்ட்ரீஸின் பழைய, மலிவான 12 நானோமீட்டர் முறையில் வந்தது. விலை 749 டாலர். இன்டெலின் 18 கோர் ஐ9-9980எக்ஸ்ஈ அதற்கு முந்தைய ஆண்டு 1,979 டாலருக்கு அறிமுகமானது. அதன் வாரிசான ஐ9-10980எக்ஸ்ஈ, அதே 18 கோருடன், 979 டாலருக்கு வந்தது.

17 டாலருக்குச் செய்யும் சிப்பை 150 டாலருக்கு விற்றாலும் கொள்ளை லாபம்தானே?

அடுத்த ஒரு சிப்பைச் செய்யும் செலவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். வடிவமைப்புக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களின் சம்பளம், அச்சு முகமூடிகள் (சிப்பின் வடிவத்தை வேஃபரில் பதிக்க உதவும் தகடுகள்), ஆலை இயந்திரங்களின் தேய்மானம் ஆகியவை சிப் விற்றாலும் விற்காவிட்டாலும் தீர வேண்டிய கடன்கள். அவை விற்பனை எண்ணிக்கையால் வகுபடுகின்றன. அதிகம் விற்பவருக்கு ஒரு சிப்பின் மேல் விழும் சுமை குறைவு.

அதனால்தான் ஒரே அளவு விலைக்குறைப்பு இரு தரப்பையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் 2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ 562 டாலருக்கு வெளியிட்டது. அதுவரை 562 டாலராக இருந்த 1.8 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 256 டாலருக்கு வெட்டியது. போட்டிக்கு ஏஎம்டியும் இறங்க வேண்டியிருந்தது. 2002இல் ஏஎம்டியின் வருவாய் சுமார் 270 கோடி டாலர், நட்டம் சுமார் 130 கோடி. அதே ஆண்டு இன்டெல் சுமார் 2,680 கோடி டாலர் விற்று 310 கோடி லாபம் பார்த்தது. சந்தை மந்தமும் அந்த நட்டத்தில் கலந்திருக்கிறது. ஆனாலும் இருவரும் மாதக்கணக்கில் விலையை அறுத்துக்கொண்டிருந்தால் யாருக்கு முதலில் மூச்சு முட்டும் என்பதை அந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

நிறுவனம் அறிவிக்கும் பட்டியல் விலையை யார் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. இன்டெல் நெடுங்காலமாக அறிவித்துவந்தது, 1,000 சிப் மொத்தமாக வாங்கும் விலை. சில்லறையில் அதைவிடக் கூடும். லட்சக்கணக்கில் வாங்கும் கணினித் தயாரிப்பாளர்களுக்கு, கழிவுத் தொகையும் (வாங்குபவருக்குக் கொடுக்கும் தள்ளுபடி) விளம்பர உதவியும் போக, அதைவிடக் கணிசமாகக் குறையும். பட்டியல் விலை அசையாமல் நிற்கும்போதே கழிவு வழியாகக் கடும் விலைப் போர் நடந்துகொண்டிருக்கலாம். அதை வெளியில் இருப்பவர் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் மொத்த லாப விகிதம் (விற்பனையில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் பங்கு) சரிவதைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். 2016இல் இன்டெலின் விகிதம் சுமார் 61 சதவீதம், ஏஎம்டியினுடையது 23. குளோபல்ஃபவுண்ட்ரீஸுடனான வேஃபர் கொள்முதல் ஒப்பந்தத்தைத் திருத்திய வகையில் ஏஎம்டி கணக்கில் ஏற்றிய 33.5 கோடி டாலர் ஒருமுறைச் செலவும் அதை இந்த 23 வரை கீழே தள்ளியது.

விலையைத் தொடாமலே போட்டி போட முடியுமா?

முடியும். இரு நிறுவனங்களும் விரும்புவதே அதைத்தான். விலையைக் குறைத்தால் பழைய விலைக்கு ஏற்றுவது மிகக் கடினம். வாங்குபவர் மனதில் "இது இவ்வளவுதான் பெறும்" என்று பதிந்துவிடும். அதனால் விலைப்படியை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் படியில் வைக்கும் பொருளை மாற்றுகிறார்கள்.

2017 ஜனவரியில் இன்டெலின் ஐ3-7100 இரண்டு கோருடன் 117 டாலர். மார்ச் 2 அன்று ஏஎம்டி எட்டு கோர் ரைசன் 7 சிப்களை 329 முதல் 499 டாலருக்கு இறக்கியது. இன்டெலின் எட்டு கோர் ஐ7-6900கே அப்போது ஆயிரம் டாலருக்கு மேல். அடுத்த மாதம் ஆறு கோர் ரைசன் 5 1600, 219 டாலருக்கு வந்தது. அக்டோபரில் இன்டெல் ஐ3-8100ஐ வெளியிட்டது: விலை அதே 117 டாலர், கோர்கள் நான்கு. ஐ5 ரகத்தில் நான்கு கோர் இருந்த இடத்தில் ஆறு கோர் ஐ5-8400, 182 டாலருக்கு உட்கார்ந்தது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருந்திருக்கும். ஐ3 ரகத்தில் ஒரு கோருக்கான விலை பாதியானதுதான் உண்மை.

போட்டி இல்லாவிட்டால் விலை ஏறிவிடுமா?

ஏறுவதைவிட உறைவதுதான் வழக்கம். இன்டெலின் நான்கு கோர் உயர்ரகச் சிப்களின் வரிசையைப் பாருங்கள். 2011 ஜனவரியில் ஐ7-2600கே 317 டாலர். பிறகு 3770கே, 4770கே, 4790கே, 6700கே. 2017 ஜனவரியில் ஐ7-7700கே 339 டாலர். ஆறு ஆண்டுகள், அதே நான்கு கோர், கிட்டத்தட்ட அதே விலை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் வேகம் கூடியது. அந்தக் காலத்தில் ஏஎம்டியிடம் இருந்த எஃப்எக்ஸ் சிப்கள் மின்சாரத்தை அதிகம் தின்றன. ஒற்றைக் கோர் வேகத்தில் மிகவும் பின்தங்கியிருந்தன. மலிவாக விற்கப்பட்டும் மேல் படியை அவற்றால் அசைக்க முடியவில்லை.

இது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை பெரும்பாலான சோதனைகளில் முன்னே போனதும், ஏஎம்டி ரகத்துக்கு 50 டாலர் ஏற்றியது; ஆறு கோர் 5600எக்ஸ் 299 டாலர் ஆனது. அதைவிட மலிவான 5600, சாதாரண ரகமாக 199 டாலருக்கு வந்தது 2022 ஏப்ரலில்தான். இடையில், 2021 நவம்பரில், இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறை வந்திருந்தது. எந்த நிறுவனமும் வாங்குபவரின் நண்பன் அல்ல. முன்னே நிற்பவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறார். ஆகவே உங்களுக்குப் பிடித்த நிறுவனம் ஜெயிப்பதைவிட, இரண்டும் அருகருகே ஓடுவதுதான் உங்கள் பைக்கு நல்லது.

கழிவு கொடுப்பது எப்போது சட்டத்துக்கு எதிராகிறது?

விலையைக் குறைப்பது குற்றமல்ல. "எங்களிடமே வாங்கினால்தான் கழிவு" என்ற நிபந்தனையைச் சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் வைக்கும்போதுதான் சிக்கல். ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம்.

ஒரு கணினித் தயாரிப்பாளருக்கு 100 சிப் தேவை. பட்டியல் விலை 100 டாலர். தேவையில் 95 சதவீதத்தை ஒரே இடத்தில் வாங்கினால் எல்லாச் சிப்புக்கும் 10 சதவீதக் கழிவு. முழுவதையும் அங்கேயே வாங்கினால் செலவு 9,000 டாலர். இப்போது 20 சிப்பைப் போட்டியாளரிடம் வாங்க நினைக்கிறார். மீதி 80க்குக் கழிவு போய்விடும். அதற்கே 8,000 டாலர். போட்டியாளருக்கு மிஞ்சுவது 1,000 டாலர், அதாவது சிப்புக்கு 50. எதிரி 90 டாலருக்கு விற்கும் பொருளைப் புதியவர் 50 டாலருக்குத் தர வேண்டும். 10 சிப் மட்டும் மாற்ற நினைத்தால்? மீதி 90 சிப் 9,000 டாலர். போட்டியாளர் இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தபோது இதையொத்த ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டியது. ஏஎம்டி ஒரு கணினித் தயாரிப்பாளருக்குப் பத்து லட்சம் சிப்பை இலவசமாகத் தர முன்வந்தது. முழுவதையும் வாங்கினால் இன்டெலின் கழிவு போய்விடும் என்பதால் அந்த நிறுவனம் 1,60,000 சிப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2010இல் டெல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு இன்னொரு ஆதாரம். இன்டெலிடமிருந்து வந்த தொகை ஒரு காலாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 76 சதவீதமாக இருந்தது என்று ஆணையம் கூறியது. டெல் குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் 10 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது.

ஐரோப்பிய வழக்கு நேர்க்கோட்டில் போகவில்லை. 2014இல் பொது நீதிமன்றம் அபராதத்தை உறுதிசெய்தது. 2017இல் மேல் நீதிமன்றம், கழிவு உண்மையிலேயே திறமையான போட்டியாளரை வெளியேற்றக்கூடியதா என்று பொருளாதாரக் கணக்கைச் சரியாகப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2022 ஜனவரியில் கழிவுகள் தொடர்பான தீர்ப்பும் முழு அபராதமும் ரத்தாயின. 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் ஏஎம்டி சிப் கொண்ட கணினிகளைத் தாமதப்படுத்தவும் நிறுத்தவும் எச்பி, ஏசர், லெனோவோ ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்தது தனிக் குற்றமாக நின்றது. அதற்காக 2023 செப்டம்பரில் ஆணையம் 37.6 கோடி யூரோ அபராதத்தைப் புதிதாக விதித்தது. நீதிமன்றங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, 2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்துத் தங்களுக்குள் இருந்த வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது.

நம் பார்வையில், இந்த வழக்குகளின் பாடம் அபராதத் தொகையில் இல்லை. சந்தை வேகமாக நகர்கிறது, நியாயம் பதினைந்து ஆண்டுகள் கழித்து வருகிறது. அதற்குள் அந்தத் தலைமுறைச் சிப்கள் குப்பைக்குப் போய்விட்டன.

சிப் மலிவாக இருந்தும் விற்காமல் போவது ஏன்?

யாரும் சிப்பை மட்டும் வாங்குவதில்லை. மதர்போர்டு, மெமரி, குளிர்விப்பான் சேர்ந்தால்தான் கணினி. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அது ஆர்டிரேம் என்ற விலை உயர்ந்த மெமரியோடு மட்டுமே வேலை செய்தது. பெட்டியில் வந்த சிப்போடு 64 மெகாபைட் ஆர்டிரேம் துண்டுகள் இரண்டை இன்டெல் சேர்த்துக் கொடுக்கவேண்டி வந்தது. சாதாரண மெமரியை ஏற்கும் 845 சிப்செட் (மதர்போர்டில் பிராசசரையும் மெமரியையும் இணைக்கும் துணைச் சிப்கள்) 2001 செப்டம்பரில் வந்த பிறகே விலைக்குறைப்பு முழுதாகப் பலித்தது.

2022 இறுதியில் இதே சிக்கல் ஏஎம்டி பக்கம் திரும்பியது. ரைசன் 7000 சிப்கள், ஏஎம்5 என்ற புதிய பொருத்துமுனை கொண்ட மதர்போர்டும் புதிய தலைமுறை டிடிஆர்5 மெமரியும் இல்லாமல் ஓடாது. இரண்டும் அப்போது விலை அதிகம். இன்டெலின் பதின்மூன்றாம் தலைமுறையோ பழைய டிடிஆர்4 மெமரியையும் ஏற்றது. 299 டாலர் 7600எக்ஸ் சிப் அளவில் மலிவு, மொத்தக் கணினி அளவில் மலிவில்லை. 2023 ஜனவரியில் 7600ஐ 229 டாலருக்குக் கொண்டுவந்தது அந்த இடைவெளியை அடைக்கத்தான் உதவியது.

விலைக்குறைப்பு நாளில் கிடங்கில் கிடக்கும் பழைய சரக்கு என்னாகும்?

நேற்று 300 டாலர் கணக்கில் வாங்கிய மொத்த வியாபாரி இன்று 200க்கு விற்றால் நட்டப்படுவார். அதைத் தவிர்க்க, கையிருப்புக்கான வித்தியாசத்தைத் தயாரிப்பாளரே ஈடுசெய்யும் ஒப்பந்தம் இந்தத் தொழிலில் வழக்கம். எனவே விலைக்குறைப்பின் செலவு இனி விற்கும் சிப்போடு நிற்பதில்லை, ஏற்கனவே அனுப்பிய சிப்பையும் தொடுகிறது. பெரிய விலைக்குறைப்புக்கு முன்னால் நிறுவனங்கள் அனுப்பும் அளவைக் குறைத்துக் கிடங்குகளை வற்றவிடுவது இதனால்தான். கடைகளில் ஒரு ரகம் திடீரென அரிதாகிப் பிறகு மலிவாகத் திரும்பி வந்தால், பெரும்பாலும் பின்னணி இதுவே.

சரக்கு தேங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேஃபர் ஆலைக்குள் நுழைந்து சிப்பாக வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. தேவை குறைந்தது தெரிந்த பிறகும் மூன்று மாதச் சரக்கு குழாயில் வந்துகொண்டே இருக்கும்.

ஒரே சிப்பை முடக்கி மலிவாக விற்கிறார்களாமே?

ஆம். எட்டு கோர் சிப்பில் ஒரு கோர் பழுதானால் இரண்டை அணைத்து ஆறு கோராக விற்கலாம், எறிவதைவிட நல்லது. 2008இல் வந்த ஏஎம்டியின் மூன்று கோர் ஃபினாம் எக்ஸ்3, நான்கு கோர் சிப்பில் ஒன்றை அணைத்தது. 2019 தொடக்கத்தில் இன்டெல் தட்டுப்பாட்டில் இருந்தபோது, கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்ட 'எஃப்' ரகங்களை முதலில் முழு ரகத்தின் அதே பட்டியல் விலைக்கே விற்றது. அக்டோபரில் போட்டி இறுகியதும் அவற்றுக்கு 25 டாலர் வரை குறைத்தது.

உற்பத்தி முறை பழகப் பழகப் பழுது குறையும், ஆனால் மலிவு ரகத்துக்குத் தேவை குறையாது. அப்போது நல்ல சிப்பையே முடக்கி விற்க வேண்டிவரும். ஃபினாம் 2 காலத்தில் மதர்போர்டு அமைப்பில் அணைந்த கோரைத் திறக்க முடிந்தது. சிலருக்கு முழு நான்கு கோர் கிடைத்தது, சிலருக்குக் கணினி சுமையேறும்போது உறைந்தது. வெளியிலிருந்து பார்த்து எது எந்த ரகம் என்று சொல்ல வழியில்லை. இன்றைய சிப்களில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

மெமரி சிப் விலை மட்டும் ஏன் இப்படித் தலைகீழாக ஆடுகிறது?

டிடிஆர் மெமரி யார் செய்தாலும் ஒரே தர வரையறைக்குள் வருகிறது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம். பிராசசரில் அப்படி மாற்ற மதர்போர்டையே மாற்ற வேண்டும். மாற்றுவது எளிது என்றால் விலை மட்டுமே போட்டி. ஆலை கட்டிவிட்டால் நிறுத்தி வைப்பதும் நட்டம் என்பதால், விலை விழும்போதும் எல்லோரும் உற்பத்தி செய்துகொண்டே இருப்பார்கள். இன்டெல் தன் தொடக்ககாலத் தொழிலான டிரேமிலிருந்து (டிடிஆர் அடங்கிய மெமரி வகை) 1985இல் வெளியேறியது ஜப்பானிய நிறுவனங்களின் விலைப் போட்டியால். 2009 ஜனவரியில் ஜெர்மனியின் கிமோண்டாவும், 2012 பிப்ரவரியில் ஜப்பானின் எல்பிடாவும் திவாலாயின. எல்பிடாவை மைக்ரான் வாங்கியது. மிஞ்சிய சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன.

இந்த வலியைத் தவிர்க்கக் குறுக்கு வழியும் தேடப்பட்டது. 1999 முதல் 2002 வரை விலையைப் பேசிவைத்துக்கொண்டதற்காக அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி, ஹைனிக்ஸ் 18.5 கோடி, இன்ஃபினியான் 16 கோடி டாலர் அபராதம் கட்டின.

கிராபிக்ஸ் கார்டுகளில்?

இங்கே நேரம் பார்த்து அடிப்பது அதிகம். 2008 ஜூனில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டாலருக்கும் 260ஐ 399 டாலருக்கும் வெளியிட்டது. சில நாளிலேயே ஏஎம்டி, சின்ன சிப்பில் செய்த ரேடியான் எச்டி 4870ஐ 299 டாலருக்கு இறக்கியது. வேகத்தில் அது 260ஐ நெருக்கியது. ஜூலையில் என்விடியா 280ஐ 499க்கும் 260ஐ 299க்கும் குறைத்தது. 2019 ஜூலையில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியை 449 டாலர் என்று அறிவித்துவிட்டு, என்விடியாவின் 'சூப்பர்' வரிசை வந்ததும், விற்பனைக்கு இரண்டு நாள் முன்பு 399 ஆக்கியது.

எப்போது வாங்குவது?

எதிராளி புதிய தலைமுறையை வெளியிட்ட நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் பதிலடி விலை பெரும்பாலும் தெரிந்துவிடும். வெளியீடு ஒரு மாதத்துக்குள் உறுதியாக இருந்தால் காத்திருங்கள். வதந்தி மட்டும் என்றால் வேண்டாம். தட்டுப்பாடு நிலவும் காலத்தில் காத்திருந்து பயனில்லை. செய்த சிப்பெல்லாம் விற்கும்போது யாருக்கும் விலையைக் குறைக்கத் தேவை இராது.

ஒப்பிடும்போது இப்படிச் செய்யுங்கள். சிப், மதர்போர்டு, மெமரி, பெட்டியில் வராவிட்டால் குளிர்விப்பான் ஆகிய நான்கின் விலையையும் கூட்டுங்கள். நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைக்கான சோதனை முடிவை அந்தத் தொகையால் வகுங்கள். சராசரி மதிப்பெண்ணை வகுத்தால் உங்களுக்குத் தேவையே இல்லாத வேகத்துக்கும் பணம் கொடுப்பீர்கள். அதே மதர்போர்டில் அடுத்த தலைமுறைச் சிப்பும் ஓடும் என்றால், போர்டு விலையில் பாதியை மட்டும் இப்போதைய கணக்கில் சேர்க்கலாம்.

விலை குறைந்த பழைய தலைமுறைச் சிப்பில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் உத்தரவாதம். பெட்டியில் வருவதற்குத் தயாரிப்பாளர் உத்தரவாதம் உண்டு. தட்டில் மொத்தமாக வரும் சிப்புக்குப் பொதுவாக விற்றவரே பொறுப்பு. அவர் எழுதித் தராவிட்டால் விலை வித்தியாசத்தை மறந்துவிடுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள். ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 போர்டில் ரைசன் 5000 சிப்பைப் போட்டால், பயாஸ் பழையதாக இருந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். சிப் பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் இந்தத் தவறும் உண்டு. போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்தச் சிப்புக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, பழைய சிப் இருக்கும்போதே புதுப்பியுங்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிப்களில் மின்னழுத்தம் அளவு மீறி ஏறி நிலைகுலையும் கோளாறு இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு (சிப்பின் உள் இயக்கத்தைத் திருத்தும் சிறு மென்பொருள்) உள்ள பயாஸை முதலில் ஏற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஏற்கனவே சேதமானதை அது சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது. பயன்படுத்திய சிப்பை வாங்கினால் முதல் ரசீதின் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் சிப்பில் கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு கையில் இல்லாதவருக்கு அதில் மிச்சமாகும் 25 டாலர் மிச்சமே அல்ல.